காற்று பிரிந்த செய்தி

...இல்லை, இன்னும் இல்லை, என்று மறுபடியும் தலையை ஆட்டினேன், காலையிலிருந்து ஆட்டி ஆட்டிக் கழுத்துகூட வலிக்கத் தொடங்கிவிட்டது, இந்த முறை கேட்டது வார்டைத் துடைக்க வந்த அம்மாள், கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுக்கொண்டே, முகத்தை நிமிர்த்தக்கூட இல்லாமல், "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்றாள், மழை விட்டுதா என்று கேட்பதைப் போல அவ்வளவு சாதாரணமாக. எனக்குத்தான் காது வரை சூடு ஏறியது. என் வயிற்றுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி இந்த உலகத்துக்கு இத்தனை அக்கறை வரும் என்று யார் நினைத்தார்கள்? ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தால் குடல் கொஞ்ச நேரம் தூங்கிப் போகுமாம், அது விழித்துக்கொண்டதற்கு அந்தக் காற்றுதான் அடையாளமாம். பக்கத்துக் கட்டில்காரிக்கு நேற்று இரவே விழித்துவிட்டது, எதிர்க் கட்டில்காரிக்கு விடியற்காலையில், என் குடல் மட்டும் இன்னும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது, சோம்பேறி... காலையில் ரொட்டித் துண்டை இரண்டு வாய் தின்றேன், உடனே வாந்தி, வயிறு டமாரம் போல உப்பிவிட்டது, டாக்டர் வந்து விரலால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார், முதலில் காற்று பிரியட்டும், வயிறு இறங்கட்டும், அப்புறம் சாப்பாடு, அப்புறம் மாடி. மாடி! அவருக்கென்ன, ஒரு சொல். எனக்கு அங்கேதான் மகள் இருக்கிறாள்.

நேற்று காலை பிறந்தவள். மூச்சு கொஞ்சம் வேகமாக வாங்குகிறாள், பயப்பட ஒன்றுமில்லை, ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறோம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், நான் கண்டது ஒரு பாதம் மட்டும், சுருங்கிச் சிவந்து, எதையோ உதைக்க இடம் தேடுவதைப் போல. பிறகு என் கணவர் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்து அனுப்பினார், அதில் பிள்ளையைவிடக் கண்ணாடியில் விழுந்த இவருடைய நெற்றிதான் பெரிதாகத் தெரிகிறது, பெரிதாக்கி, பெரிதாக்கி, அந்த நெற்றிக்கு அப்பால் ஒரு காது மாதிரி ஏதோ, காதா, துணியின் மடிப்பா... இரவெல்லாம் துணி மடிப்பைக் காது என்று நினைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேனோ என்னவோ. இப்போது மூச்சு சீராகிவிட்டதாம், அம்மா வந்தால் நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம் என்று மேலே இருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வரைதான் உள்ளே விடுவார்கள், அப்புறம் நாளைக்குத்தான். ஆக எனக்கும் என் மகளுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு காற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது, சிரிக்க மாட்டார்களா?

என் வேலை கோர்ட்டில், சுருக்கெழுத்து. சாட்சி சொல்வது, வக்கீல் கேட்பது, நீதிபதி இருமிவிட்டுச் சொல்வது எல்லாவற்றையும் எழுதுவேன், என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே பலருக்குத் தெரியாது, அதுதான் என் வேலையில் எனக்குள்ள பெருமையும். வீட்டிலும் அப்படித்தான். குளியலறைக்குப் போனால் முதலில் குழாயைத் திறந்துவிடுவேன், உள்ளே எந்தச் சத்தம் வந்தாலும் தண்ணீர் மூடிக்கொள்ளட்டும் என்று, கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அந்த வீட்டில் நான் ஏப்பம் விட்டுக்கூட யாரும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் சாப்பாடு வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டேன், யாராவது போடும்வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன், போடவில்லை என்றால் கை கழுவிவிடுவேன்... அப்படிப்பட்டவளிடம் போய்! இவர் கீழே காத்திருக்கும் பெஞ்சிலிருந்து அரைமணிக்கொரு முறை கேட்கிறார், ‘செய்தி உண்டா?’ மாமா காலையில் போனில் வந்தார், என்னோடு இதுவரை செய்தித்தாள் எங்கே என்பதைத் தவிர வேறு பேசியறியாத மனிதர், ரொம்ப நேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு, "அந்த... அது... ஆச்சாம்மா?" என்றார், பாவம், அவருக்கும் வேர்த்திருக்கும்.

மதியம் குளியலறையில் நின்று முயன்று பார்த்தேன், வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டு. தண்ணீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. "ஏம்மா, உள்ள துணி துவைக்கிறியா?" என்று வெளியிலிருந்து அத்தை, இவருடைய அம்மா, கதவைத் தட்டினார், வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், ரிட்டயர் ஆகியும் குரல் ரிட்டயர் ஆகவில்லை என்று மாமா சொல்வார், அதையும் அத்தை பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார். காய்கறிக் கடையில் அத்தை விலை கேட்டால் பக்கத்துக் கடைக்காரனும் சேர்ந்து பதில் சொல்வான். நான் அந்தக் குரலுக்குப் பின்னால் பை பிடித்துக்கொண்டு நிற்பேன், எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அந்தக் குரல்மீது எனக்குக் கொஞ்சம் பயம், கொஞ்சம் கூச்சம், அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும் சுகம்... மூன்றும்தான்.

"எந்திரிம்மா!" வந்துவிட்டாள். வார்டு நர்ஸ். யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வாள், அதனால் அவளுக்கே நாங்கள் எந்திரிம்மா என்று பேர் வைத்துவிட்டோம், பக்கத்துக் கட்டில்காரி வைத்த பேர், மூன்றாவது பிள்ளைக்காரி, இந்த வார்டுக்கே மூத்தவள் என்ற நினைப்பு அவளுக்கு. என் முதல் பிள்ளைக்கு, என்றாள் அவள், இதே வார்டுல ரெண்டு நாள் தண்ணிகூடக் கண்ணுல காட்டல, திரும்பிப் படுத்தாலே திட்டுவாங்க, இவ வந்தப்புறம்தான் எல்லாம் மாறிச்சு, எந்திரி, நட, தண்ணி குடி, வலிச்சா வாயத் தொறந்து சொல்லு, ராத்திரியில துணி சீக்கிரம் நனைஞ்சா உடனே மணியடி... என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்கு ஞாபகம் வந்தது, நேற்று ராத்திரி நான் மணியடிக்கவில்லை, நர்ஸே வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், "நீ கூப்பிட மாட்டேன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு, அதான் நானே வந்தேன்" என்றாள். எங்கே எழுதியிருந்தது? இப்போது அவள் ஒரு சூயிங்கத்தை என் கையில் வைத்தாள். மெல்லு, சாப்பாடு வருதுன்னு நெனச்சுக் குடல் எந்திரிச்சுடும், என்றாள். அத்தை இடுப்பில் கை வைத்தார். "இதென்ன, பச்ச உடம்புக்காரிக்குச் சூயிங்கமா? சினிமாவுல ரவுடிங்க மெல்லுறத?" நர்ஸ் அசரவில்லை. "உங்களுக்கும் ஒண்ணு தரட்டுமாம்மா?" அத்தை கையை நீட்டி வாங்கிக்கொண்டார்! பக்கத்துக் கட்டில்காரி சும்மா இருப்பாளா, "எனக்குத் தேவைக்கு மேலயே இருக்கு, வேணும்னா கொஞ்சம் கடனாத் தரேன்" என்றாள், நான் சிரிக்கத் தொடங்கி, தையல் சுரீரென்று இழுக்க, தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், சிரிப்பு வந்தால் அழுத்திக்கொள் என்று நர்ஸ் கொடுத்த தலையணை, அழுகைக்கும் ஆகும் என்றிருந்தாள்.

எழுந்தேன். முதலில் ஒரு காலைத் தரையில், தரை எவ்வளவு குளிர்ச்சி, பிறகு மற்றது, என் கால்களா இவை, வீங்கி வேறு யாருடையதோ போல... ஒரு கையில் தலையணை, மறு கையில் அத்தையின் தோள், அத்தையின் மறு கையில் டிரிப்ஸ் மாட்டிய கம்பி, அது சக்கரத்தில் கிரீச்சிட்டுக்கொண்டு கூடவே வந்தது. "போலாம் ரைட்!" என்றார் அத்தை. வராந்தா நீளமாக இருந்தது, வெயில் ஜன்னல் ஜன்னலாக விழுந்து கிடந்தது, ஒரு வெயிலிலிருந்து அடுத்த வெயிலுக்குப் போய்விட்டால் போதும், அதற்கப்புறம் இன்னொன்று, அப்படியே போனால் கடைசியில் லிஃப்ட், லிஃப்டுக்கு மேலே அவள்... பசித்திருப்பாளோ? காலையில் என் பாலைப் பீய்ச்சி ஒரு ஸ்பூன் மாதிரி மேலே கொண்டுபோனார்கள், அதைக் குடித்தாளாம், அந்தச் செய்தியைச் சொன்னபோது எனக்கு வந்த பெருமை, பரீட்சையில் அவள் முதலாவதாக வந்ததைப் போல. நான் இன்னும் தொட்டதில்லை, ஆனால் என்னிலிருந்து ஒரு ஸ்பூன் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மென்றுகொண்டே நடந்தேன், பக்கத்தில் அத்தையும் மென்றுகொண்டே, இரண்டு ரவுடிகள்.

"இவனையும் இப்படித்தான் தனியா வெச்சிருந்தாங்க" என்றார் அத்தை, திடீரென்று, சாதாரணக் குரலில், அத்தைக்குச் சாதாரணக் குரல் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவன் என்றால் என் கணவர். "மூணாம் நாள்தான் என் கையில குடுத்தாங்க. அதுவரைக்கும் பிள்ள இருக்கா, இல்லையான்னே தெரியாம செவுத்தப் பாத்துப் படுத்திருந்தேன்." நான் நின்றுவிட்டேன். ஏன் அத்தை, நீங்க கேக்கலையா, என்றேன். "யார்கிட்ட கேக்கறது? அப்பல்லாம் எனக்கு வாயத் தொறக்கவே பயம்." உங்களுக்கா? என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அத்தையின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆமாடி, எனக்குத்தான். நம்ப மாட்டியே! வேலைக்குச் சேந்த முதல் நாளு, டிக்கெட் டிக்கெட்னு நான் கூப்பிட்டது என் காதுக்கே விழல. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஒரு வண்டி ஜனமும் ஓசியில போய் எறங்கிச்சு. கடைசி ஸ்டாப்புல ஒருத்தர் என்கிட்டயே வந்து கேக்கறாரு, ஏம்மா, இந்த வண்டிக்குக் கண்டக்டர் இல்லியான்னு!"

எனக்கு அந்தப் பஸ் தெரிந்தது. பை மாட்டிய ஒல்லிப் பெண் ஒருத்தி, கம்பியோடு கம்பியாக, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு, சுற்றிலும் ஜனம் நிம்மதியாக ஜன்னலில் வேடிக்கை பார்க்கிறது... சிரிப்பு அடியிலிருந்து புறப்பட்டது, அடக்கப் பார்த்தேன், தலையணையை அழுத்தினேன், அத்தையும் சிரித்தார், டிரிப்ஸ் கம்பி குலுங்கியது, அடக்க முடியவில்லை, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தேன், அப்போதுதான் அது... ஒளிவு மறைவே இல்லாமல், நீளமாக, கடைசியில் ஒரு கேள்வியைப் போல மேலே ஏறி முடிந்தது. கோர்ட்டாக இருந்தால் இதை எப்படி எழுதியிருப்பேன் என்று அந்த நொடியிலும் ஒரு யோசனை ஓடியது எனக்கு. செத்தேன் என்று நினைத்தேன், சாகவில்லை. அத்தை நிமிர்ந்து, வார்டுப் பக்கம் திரும்பி, கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "பிரிஞ்சிடுச்சு!"

கைதட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள், பக்கத்துக் கட்டில்காரி தட்டைக் கரண்டியால் அடித்தாள், துடைப்ப அம்மாள் துடைப்பத்தை உயர்த்திக் காட்டினாள், நர்ஸ் ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்து, "எந்திரிச்சுடுச்சு பாத்தியா?" என்றாள், அத்தை கீழே மகனுக்குப் போன் போட்டு அறிவிக்க, அவர் அந்த பெஞ்சு முழுக்கச் சொல்லிவிட்டாராம், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார்களாம். வயிற்றிலிருந்த கல் கரைவது எனக்கே தெரிந்தது. கூச்சம் எங்கே? தேடினேன், இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, அங்கே பசி இருந்தது. டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஏதோ நல்ல பாட்டு கேட்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். பாலில் நனைத்த ரொட்டி, கொஞ்சமாக, மெதுவாக, இந்த முறை வயிறு வாங்கிக்கொண்டது. அப்புறம் சக்கர நாற்காலி. அப்புறம் லிஃப்ட். அப்புறம் மாடி.

அம்மா மட்டும்தான் உள்ளே. அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டார். கை கழுவச் சொன்னார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள், சாய்ந்துகொள் என்றார்கள், நான் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு, பிறகு அந்த நர்ஸ், இளம்பெண், ஒரு வெதுவெதுப்பை எடுத்து என் நெஞ்சில் வைத்தாள். எடையே இல்லை, ஆனால் நகர முடியவில்லை என்னால். காது... அது காதுதான், துணி மடிப்பில்லை, ஓரத்தில் மெல்லிய முடி, மடங்கிய மொட்டு போல, அட, நேற்று ராத்திரி கொஞ்சியது வீண் போகவில்லை. மூக்கால் என்னை முகர்ந்தாள், அதிருப்தியாக ஒரு சத்தம் போட்டாள், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி எதையோ தேடினாள், கிடைக்காததும் சும்மா இருக்கவில்லை, முகமெல்லாம் சிவக்க முழுக் குரலில் கேட்டாள். ஒரு நாள் வயசு, யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு? பிறந்தபோது நானும் இப்படித்தான் கேட்டிருப்பேனோ, அத்தையும்? கேட்பது எந்த இடத்தில் நின்றுபோகிறது... கிடைத்துவிட்டது. அமைதி. ஒரு விரலைச் சுற்றி ஐந்து விரல்கள்.

நிமிர்ந்தேன். கண்ணாடியில் அத்தை நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார், மூச்சு பட்டுக் கண்ணாடி மங்க, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் நெற்றியை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, மூன்று நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் இதுதானா? "அவங்க உள்ள வரலாமா?" என்றேன். மெஷின் சத்தத்தில் நர்ஸுக்குக் கேட்கவில்லை, எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "சிஸ்டர்! எங்க அத்தைய உள்ள விடணும்." பாட்டிங்களுக்கு இங்க அனுமதி இல்லம்மா, என்றாள் அவள். தெரியும், என்றேன், இருந்தாலும் கேட்டுப் பாருங்க, என்றேன், யாரோ சொல்வதைக் கேட்பதைப் போல நானே அதைக் கேட்டேன். அவள், டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன் என்று நிஜமாகவே போனாள். வெளியே அத்தை எதுவும் புரியாமல், என்ன, என்ன, என்று கையால் கேட்கிறார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, அதன் மேல் படுத்திருப்பவள் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல் குடித்துக்கொண்டிருக்கிறாள். கதவு இன்னும் திறக்கவில்லை, திறக்காமலேயும் போகலாம், இல்லை என்று சொல்லிவிடலாம், சொன்னால் என்ன ஆகிவிடும்... இதுவரை கேட்காமல் விட்டதெல்லாம் எங்கே போயிருக்கும், உள்ளேயேதான் இருக்கிறதா, எத்தனை இருக்கும், அதில் எதை முதலில்...