தங்கைக்குப் போட்டியாக ஒரு கிளி

சனிக்கிழமை காலை. ஹைடி பான்கேக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, பொன்னிறமானதும் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பிடிக்குமே என்று மாவில் நாவல்நிறப் பெர்ரிப் பழங்களைக்கூடக் கலந்திருந்தாள்.

"ஆட்ரி, வா. ஆறிடப் போகுது."

பன்னிரண்டு வயது ஆட்ரி பனிக்காலணியை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே தயாராக நின்றாள். "சித்தி வீட்ல சாப்பிட்டுக்கிறேம்மா. அவங்க வந்துட்டே இருக்காங்க."

"நேத்தே சொல்லியிருந்தா நான் மாவு கரைச்சிருக்க மாட்டேன்ல?"

"சனிக்கிழமை நான் அங்கதானம்மா போவேன். உனக்குத் தெரியாதா?"

வெளியே கார் வந்து நின்றது. ஆட்ரி ஓடினாள். ஜன்னல் வழியே ஹைடி பார்த்தாள். தங்கை டானா காருக்குள்ளிருந்து கையசைத்தாள். ஹைடியும் அசைத்தாள். உதடு சிரித்தது, வயிறு எரிந்தது. அடுக்கிய பான்கேக்குகளைத் தட்டோடு கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தாள்.

எல்லாம் அந்தக் கிளியால் வந்த வினை என்பது அவள் எண்ணம். டானா தனியாக வாழ்பவள். வீட்டிலிருந்தபடியே விரிப்புகள் தைத்து விற்பவள். அவளிடம் பிக்கிள் என்றொரு குவேக்கர் கிளி இருந்தது. பச்சை முதுகு, சாம்பல் நிற மார்பு, கைப்பிடிக்குள் அடங்கும் உடம்பு. வாய் மட்டும் ஊர் அளவு. சென்ற மாதம் ஹைடி வீட்டில் எல்லோரும் கால்பந்துப் போட்டி பார்க்கக் கூடியபோது டானா அதைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்தாள். அது "என் தங்கமே, என் தங்கமே" என்று ஆட்ரியின் காதருகே கொஞ்ச, வந்தவர்கள் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அதைச் சூழ்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்று ஹைடி வாட்டிய தொத்திறைச்சி ஆறிப்போய்க் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆட்ரி யாரிடமோ, "எனக்கு உலகத்துலயே பிடிச்ச இடம் சித்தி வீடுதான்" என்று சொன்னது ஹைடியின் காதில் விழுந்தது. அன்று தைத்த முள் இன்னும் வெளியே வரவில்லை.

பான்கேக்கைக் குப்பையில் போட்ட அடுத்த வாரமே தங்கையிடம் போனாள். "நானும் ஒரு குவேக்கர் கிளி வாங்கப் போறேன்" என்றாள். குரலில் சவால் இருந்தது.

டானா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "யோசிச்சியாக்கா? நீ காலையில பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வர்ற. கர்ட் அத்தான் பாதி வாரம் லாரியில ரோட்டுலயே இருக்காரு. இது மீன் தொட்டி மாதிரி இல்ல. இருபது, முப்பது வருஷம் உசுரோட இருக்கும். தனியா விட்டா கத்திக் கூரையைப் பிரிக்கும். யாராவது ஒருத்தர்மேலதான் உசுர விடும், மத்தவங்களைக் கடிக்கும். அந்த நான்-ஸ்டிக், ஒட்டாத சட்டி இருக்குல்ல, அது அதிகமா சூடாகிப் புகை வந்தாலே செத்துப் போகும்."

"உனக்கு மட்டும்தான் வளக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சின்ன வயசுலேர்ந்து இதே கதைதான். உன்கிட்ட இருக்கிறது என்கிட்ட இருந்துடக் கூடாது."

டானா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "ஒண்ணு பண்ணு. பிக்கிளை ரெண்டு வாரம் உன் வீட்ல வெச்சுப் பாரு. சரிப்பட்டா வாங்கு, சரிப்படலைன்னா விட்டுடு" என்றாள்.

நல்ல யோசனைதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஹைடி ஏற்றுக்கொண்டிருப்பாள். "உன் கிளியை இரவல் வாங்கி வளக்குற நிலைமை எனக்கு இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மில்வாக்கி நகரில் பறவைகள் விற்கும் ஒரு கடை. "எந்தக் கூண்டு வேணும்?" என்பதைத் தவிரக் கடைக்காரன் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், குழந்தை உண்டா, இதற்குமுன் பறவை வளர்த்ததுண்டா, ஒன்றும் இல்லை. ஹைடிக்கு அது வசதியாகவே இருந்தது.

கூண்டைக் கண்டதும் ஆட்ரி திகைத்துத்தான் நின்றாள். "நமக்காம்மா? எதுக்கு?"

"எதுக்கா? உனக்குத்தான். இனிமே கிளி பாக்கணும்னு யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லல்ல?"

ஆட்ரி ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டாள். கிளிக்கு ரூடி என்று பெயர் வைத்தாள். அந்தச் சனிக்கிழமை எங்கும் போகவில்லை. ஹைடி இருவரையும் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். 'அழகா இருக்கான். ஒட்டாத சட்டியை எடுத்து வெச்சிடுக்கா' என்று பதில் வந்தது. "பாத்தியா, குத்தம் கண்டுபிடிக்கிறதை" என்று சட்டியை அடுப்பில் ஓசையோடு வைத்தவள், மனசு கேட்காமல் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

யாரைத் தனக்கென்று வைத்துக்கொள்வது என்பதைக் கிளிகள் நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை. ரூடி ஹைடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அவள் வேலையிலிருந்து வரும்போது தலையை வெடவெடவென்று ஆட்டி வரவேற்கும். அவள் சட்டைக் காலருக்குள் புகுந்து உட்காரும். மேசையில் கிடக்கும் பென்சில், உறிஞ்சுகுழல் எல்லாவற்றையும் தூக்கிப்போய்க் கம்பிகளுக்கிடையே செருகிக் கூடு பின்னும். அந்தப் பக்கம் ஆட்ரி கை நீட்டினால் பாய்ந்து கொத்தும்.

"அம்மா, என்னைக் கிட்டயே சேக்க மாட்டேங்குது."

"நீ வெடுக்குனு கையை நீட்டியிருப்ப. மெதுவாப் போகணும்."

ஆட்ரியின் விரல்களில் சின்னச் சின்னக் காயங்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபோது ஹைடிக்கு வருத்தம் வந்தது உண்மை. அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு சுகம் ஒளிந்திருந்ததும் உண்மை. இந்த வீட்டில் ஓர் உயிராவது வேறு யாரையும் நாடாமல் தன்னை மட்டுமே நாடுகிறதே. அந்தச் சுகத்தில் மகளின் காயத்துக்கு மருந்து தடவியதோடு நிறுத்திக்கொண்டாள். கிளியைப் பற்றித் தெரிந்த யாரிடமாவது கேட்டிருக்கலாம். தெரிந்தவள் டானாதான், அவளிடம் எப்படிக் கேட்பது?

கொஞ்ச நாளில் ஆட்ரி மறுபடியும் சித்தி வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். முன்பு சனிக்கிழமை மட்டும், இப்போது ஞாயிறும் சேர்ந்துகொண்டது. வெறும் வீட்டில் பாத்திரம் கழுவியபடி ஹைடி தனக்குத்தானே புலம்புவாள். காலரில் உட்கார்ந்து ரூடி கேட்டுக்கொண்டிருக்கும்.

ஜனவரியில் ஒரு மாலை. ஆட்ரி பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். தோழிகள் அவளை ஒதுக்கிவிட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தார்கள். சித்திக்குத் தொலைபேசியில் பேசாமல் அன்று நேராக அம்மாவிடம் வந்து, சோபாவில் அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். எத்தனையோ நாளாக ஹைடி ஏங்கிய நேரம் அது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

கூண்டின் உச்சியிலிருந்து ரூடி பாய்ந்தது. ஆட்ரி தலையைத் திருப்புவதற்குள் அவள் மேலுதட்டைக் கவ்வியது. ஹைடி பிடித்து இழுக்க இழுக்க இன்னும் இறுக்கியது. விடுபட்டபோது சோபா உறை, சட்டை எல்லாம் ரத்தம்.

தையல் போட்டு மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது ஆட்ரி வீங்கிய உதட்டோடு சொன்னாள். "நான் சித்தி வீட்டுக்குப் போறேம்மா. அது இருக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக்கு வரல."

ஹைடிக்கு வந்த கோபம் அத்தனையும் கிளியின்மீது இறங்கியது. கூண்டைத் தூக்கி நிலவறைக்குக் கொண்டுபோய்த் துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தாள். காலையும் மாலையும் தீனி, தண்ணீர். அவ்வளவுதான். அது நாளெல்லாம் கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து முறையிட்டார். பிறகு ஒருநாள் கத்தல் நின்றுவிட்டது. அப்பாடா என்று இறங்கிப் போன ஹைடி விளக்கைப் போட்டுப் பார்த்தாள். சாம்பல் மார்பில் இறகே இல்லை. அதுவே பிடுங்கிப் போட்டிருந்தது. உரித்த கோழிபோல் சிவந்த தோல் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் அந்த நிலையிலும் தலையை வெடவெடவென்று ஆட்டியது.

படியிலேயே உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள். "டானா, வந்து இதைக் கூட்டிட்டுப் போ. என்னால முடியல."

டானா உடனே வந்தாள். கூண்டின் முன் குனிந்து பார்த்தவளின் முகம் கறுத்தது. "இந்த இருட்டுலயா வெச்சிருந்த? என்னக்கா பண்ணின இதை?"

ஹைடி பதில் தேடுவதற்குள் ரூடி பேசியது. ஹைடியின் குரல், ஹைடியின் இழுப்பு, ஹைடியின் பல்லைக் கடிக்கும் ஓசை எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

"டானா, டானா. எப்பப் பாரு டானா. எம்பொண்ணைத் திருடிட்டா."

கிளி இன்னொரு முறையும் சொன்னது. கிளிக்கு ஒளிக்கத் தெரியாது. அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட பேச்சை அது திருப்பித் தந்தது, அவ்வளவுதான். ஹைடிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

டானா மெல்ல அவள் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தாள். "திருடினேனா நான்?"

ஹைடி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"அவ என் வீட்டுக்குக் கிளி பாக்கவா வர்றான்னு நெனச்ச? பிக்கிளைக் கண்டுக்கிறதே இல்ல இப்பல்லாம். அவ வந்தா நான் மெஷினை நிறுத்திடுவேன். சீட்டு ஆடுவோம். அவ பேசுவா, நான் கேப்பேன். அவ்ளோதாங்கா."

"என்ன பேசுவா?"

"அதை அவகிட்டக் கேளு."

"நான் பொறாமையில வெந்து செத்தேன்டி."

"பொறாமைன்னா எனக்கும்தான் இருந்துச்சு. எனக்குன்னு ஒரு பொண்ணு இல்லியேன்னு. அதுக்காக நான் போய் ஒரு குழந்தையைக் கடையில வாங்கலியே." சொல்லிவிட்டு டானாவே சிரித்தாள். ஹைடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆனால் கிளியைத் தன்னோடு கூட்டிப்போக டானா மறுத்துவிட்டாள். "பிக்கிள் இதை ஒரு நாள்கூட விட்டு வைக்காது. நீ கொண்டாந்த உசுரு, நீதான் வழி பண்ணணும். நான் கூட நிக்கிறேன்."

அன்று மாலை ஹைடி தங்கை வீட்டுக்குப் போனாள். ஆட்ரி சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஹைடி எதிரே உட்கார்ந்து கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"ஆட்ரி, அந்தக் கிளியை உனக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். அது பொய். சித்தி மேல இருந்த எரிச்சல்ல வாங்கினேன். நீ என்னை விட்டுப் போயிட்டன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கோடா."

ஆட்ரி நிமிரவில்லை. பென்சிலை உருட்டினாள். "நான் கிளி கேக்கவேயில்லையேம்மா. வேணுமான்னு நீயும் கேக்கல."

"ஆமா. கேக்கல."

"நான் எது சொன்னாலும் நீ அப்புறம் அப்புறம்னு சொல்லுவ. சித்தி அப்படிச் சொல்ல மாட்டாங்க."

அந்த வார்த்தை கிளியின் கடியைவிட ஆழமாக இறங்கியது. ஹைடி பதிலுக்கு வாதாடவில்லை. "இப்பச் சொல்லு. எவ்ளோ நேரமானாலும் இருக்கேன்" என்றாள். டானா எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

ரூடி மறுபடியும் கூடத்துக்கு, வெளிச்சத்துக்கு வந்தது. பறவை மருத்துவர் களிம்பும் தீனிமுறையும் சொன்னார். கைவிடப்பட்ட பறவைகளுக்கு வீடு தேடித்தரும் ஒரு காப்பகம் இருந்தது. அங்கே ஏற்கெனவே குவேக்கர் கிளிகள் நிறைந்து கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஆசைப்பட்டு வாங்கி அலுத்துப்போனது. நல்ல வீடு கிடைக்கும்வரை ஹைடியே வைத்துக்கொண்டாள். விடியுமுன் எழுந்து அதோடு உட்கார்ந்தாள். மதிய இடைவேளையில் ஓடிவந்து பார்த்தாள். மாலையில் அதைக் கூண்டில் அடைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டு மகளோடு இன்னோர் அறையில் இருந்தாள். தான் இருக்கும்போது கிளியை வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆட்ரி வீடு திரும்பியிருந்தாள். சனிக்கிழமை மட்டும் சித்தி வீடு. சில சனிக்கிழமைகளில் ஹைடியும் போய்ச் சீட்டாடித் தோற்றாள்.

பனி உருகிய நாட்களில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு தம்பதி ரூடியை ஏற்றுக்கொண்டார்கள். குழந்தைகள் இல்லாத வீடு, ஓர் அறையே பறவைகளுக்கு. காரில் ஏற்றும்போது அது ஹைடியைப் பார்த்துக் கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. தன் தவறுக்கு அது இரண்டாவது முறையும் விலை கொடுக்கிறது என்று ஹைடிக்குத் தெரிந்தது. அன்று முழுதும் அவள் சாப்பிடவில்லை.

சில மாதம் கழித்துப் பல் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ப்ரெண்டா அவள் மேசைமீது சாய்ந்தாள். "ஹைடி, நீ குவேக்கர் கிளி வெச்சிருந்தியாமே? நல்லாப் பேசுமா? எங்க நாத்தனார் ஒண்ணு வாங்கியிருக்கா. அலட்டல் தாங்கல. அதைவிட நல்லாப் பேசுற மாதிரி ஒண்ணு நானும் வாங்கலாம்னு பாக்குறேன்."

ஹைடி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நல்லாப் பேசும். உன் மனசுல இருக்கிறதையெல்லாம் ஊருக்கே கேக்குற மாதிரி பேசும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி மனசைப் பாத்துக்கோ. நாத்தனார் மேல இருக்கிற எரிச்சல்ல துணி வாங்கு, காரு வாங்கு, உசுரை மட்டும் வாங்காத. எரிச்சல் ஒரு வாரத்துல தீந்துடும், அது முப்பது வருஷம் இருக்கும். அது எனக்கு வேணுமான்னு மட்டும் கேட்டா போதாது ப்ரெண்டா. அதுக்கு நான் போதுமான்னு கேளு. நான் அதைக் கேக்கல. கேக்காததுக்கு என் பொண்ணு உதட்டுல இன்னமும் தழும்பு இருக்கு."