அட்டையில் வெட்டிய பேக்கிங்

சிவபாலனுக்குக் கைராசிக்காரன் என்று பேர். ஓரிக்கையில் இருக்கும் அவன் மெக்கானிக் கொட்டகைக்கு ஒரு தடவை வந்த வண்டி, அதே கோளாறோடு மறுபடி வந்ததில்லை. அந்தப் பேர்தான் இருபது வருஷமாக அவனுக்குச் சோறு போட்டது. கடைசியில் அவன் வாயைக் கட்டிப்போட்டதும் அந்தப் பாழாய்ப்போன பேர்தான்.

தங்கச்சி ஏலவார்குழலிக்கு இரண்டு கிட்னியும் போய் ஒரு வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் மாகறலிலிருந்து காஞ்சிபுரம் வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கும், மூச்சு முட்டும். புருஷன் உதயகுமார் வாடகைக்கு ஓட்டுகிற பழைய பெட்ரோல் வேனை நம்பித்தான் அவள் உயிர் இருந்தது. ஆடி மாதம் அந்த வேனின் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. சிவபாலன் நாயாய் அலைந்து, வாலாஜாபாத்தில் வீரபத்திரனின் உடைசல் கடையிலிருந்து வேறு இன்ஜின் கொண்டுவந்தான்.

இன்ஜின் பழுதில்லை. ஆனால் பெட்ரோல் பம்ப் இல்லாமல் வந்திருந்தது. பழைய இன்ஜினில் இருந்ததைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். இது கரண்டில் ஓடுகிற பம்ப் இல்லை. இன்ஜினுக்குள் சுற்றுகிற கேம் பம்பின் நெம்புகோலைத் தட்டத் தட்ட, உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்கிப் பெட்ரோலைத் தள்ளும். நெம்புகோல் அளவுக்கு மேல் அழுந்தாதபடி, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே அரை விரல் கனத்துக்கு ஒரு கட்டை உண்டு. கழற்றும்போது அது இரண்டாகப் பிளந்துபோனது.

"சென்னையிலேருந்து வரணும்பா, ரெண்டு நாள் ஆவும்" என்று கடைக்காரர் போனில் சொன்னார்.

மறுநாள் காலை குழலி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போன தடவை பஸ்ஸில் வந்து படியிலேயே மயங்கி விழுந்தாள்.

கொட்டகை மூலையில் ஒரு மூட்டை ஜக்கார்டு அட்டை கிடந்தது. தறியில் பூ விழுவதற்காக ஓட்டை போட்டுக் கோக்கிற அட்டை. தறி நெய்துகொண்டிருந்த குழலியே கொடுத்ததுதான். "இந்த டிசைன யாரும் கேக்கறதில்லண்ணா, நீ பேக்கிங் வெட்டிக்கோ" என்றாள். ஊரில் பாதி மெக்கானிக்குகள் அந்த அட்டையில்தான் பேக்கிங் வெட்டுகிறார்கள். இரண்டு இரும்புக்கு நடுவே வைத்து ஆயில் கசியாமல் அடைக்க அது போதும். ஆனால் கட்டையின் கனத்துக்கு அது ஈடாகுமா? ஆகாது என்று சிவபாலனுக்குத் தெரியும். தெரியாமல் என்ன! இரண்டு நாள்தானே என்று இரண்டு அட்டையை வெட்டி வைத்து போல்ட்டை முடுக்கினான். வண்டி ஒரே செல்ஃபில் எடுத்தது.

கட்டை வந்தது, கவரைப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. வேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து உதயகுமார் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"மச்சான் போட்ட இன்ஜின்ல ஆயில் கொறையவே மாட்டேங்குதுபா. கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கினு இருக்குது!"

"கைராசின்னா சும்மாவா!" என்றார் எதிர் இலைக்காரர். பந்தியே சிரித்தது.

சிவபாலன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டான். எந்த இன்ஜினிலும் ஆயில் ஏறாது. ஏறினால் அது பெட்ரோல். அழுந்தி அழுந்திச் சவ்வு கிழிந்திருக்கிறது, பெட்ரோல் ஆயிலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆயில் தண்ணியாகி, ஒரு நாள் இன்ஜின் உள்ளே பிடித்துக்கொள்ளும். அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வண்டியைத் தொடாதீர்கள், நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று இரண்டு வார்த்தை. அத்தனை பேர் முன்னால் அவனுக்கு நாக்கு எழவில்லை.

"நாளைக்கி ஆஸ்பத்திரிக்கி வரும்போது வண்டிய கொட்டாய்ல விடுங்க மாப்ள. சும்மா ஒரு பார்வ பாத்துர்றேன்."

"நல்லாதானே ஓடுது?"

"சும்மாதான்."

பக்கத்தில் குழலி இரண்டாவது டம்ளர் பாயசத்தை எடுத்தாள். அவளுக்குத் தண்ணீரே அளந்துதான். அண்ணன் முறைத்ததும், "ஒரு நாளுதானேண்ணா" என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை போன் அடித்தது.

"மச்சான், குழலிக்கி மூச்சு முட்டுதுன்னு இப்பவே கெளம்பிட்டோம். பாலாத்துப் பாலத்துல வண்டி நின்னுபோச்சு. நூத்தியெட்டுக்கு அடிக்கிறேன்னா வேணான்றா. அண்ணன் வந்தா எடுத்துடும்ன்றா."

"அது இனிமே எடுக்காது மாப்ள! வண்டிய விடுங்க. நூத்தியெட்டுக்கு அடிங்க, மொதல்ல அடிங்க!"

கட்டிய லுங்கியோடு பைக்கை விரட்டினான். பாலத்தின் நடுவே வேன் கதவு திறந்து கிடந்தது. உதயகுமார் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். "குழலி, தோ பாரு, அண்ணன் வந்துட்டாரு. கண்ண தொற" என்றான். அவள் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், கொட்டகைக்கு இழுத்து வந்து போட்டிருந்த வேனின் முன் உதயகுமார் நின்றான். கண் சிவந்திருந்தது.

"அந்த வீரபத்திரன் குடுத்த இன்ஜின்தான் மச்சான் எம் பொண்டாட்டிய கொன்னுச்சு. அவன் கடைய இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுதான் மறுவேல."

சிவபாலன் பம்பைக் கழற்றிப் பிரித்தான். கிழிந்த சவ்வையும், ஆயிலில் ஊறிச் சப்பிப்போன அட்டையையும் உதயகுமார் கையில் வைத்தான்.

"இன்ஜின் மேல தப்பு இல்ல மாப்ள. கட்ட இருக்கவேண்டிய எடத்துல நான்தான் அட்டய வச்சேன். சவ்வு கிழிஞ்சி பெட்ரோலு ஆயில்ல எறங்கிடுச்சி." சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதான்.

உதயகுமார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழலி தறியில் ஓடின அட்டை என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? பிறகு சிவபாலன் தோளில் கை வைத்தான்.

"அவசரத்துக்கு வச்சீங்க. அவளுக்காவதானே வச்சீங்க? தப்பு யாருக்குதான் வரல. அழாதீங்க மச்சான்."

சிவபாலனுக்கு மூச்சு வந்தது. பாதியைச் சொன்னதே போதும், மீதி தன்னோடு போகட்டும் என்று ஒரு நிம்மதி. சீ, என்ன மனுஷன் நான் என்றும் இருந்தது.

உதயகுமார் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"ஏன் மச்சான், அன்னிக்கி நான் வண்டி நின்னுபோச்சுன்னு மட்டுந்தானே சொன்னேன்? வந்து பாக்காமலே, இனிமே எடுக்காதுன்னு எப்பிடி சொன்னீங்க?"

சிவபாலன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

உதயகுமார் திரும்பி வந்து அவன் எதிரில் நின்றான்.

"எப்பலேருந்து தெரியும்?"