முக்கொம்பன் விழாத முன்னோட்டம்

"மூண்டே மூண்டு வெட்டு. பாரும்," என்றான் நிருஷன்.

பிரஷாந்தினி பார்த்தாள். ஒன்பது மாதமாக இருவரும் சேர்ந்து செய்த கணினி விளையாட்டு அது. திரையில் குளக்கட்டின் மேல் நின்ற நாயகி வன்னிச்சி வாளை உருவினாள். எதிரே மூன்று தந்தங்களோடு முக்கொம்பன் என்ற பூத யானை. முதல் வெட்டுக்குப் பொறி பறந்தது. இரண்டாவது வெட்டுக்குத் திரை முழுவதும் சிவந்தது. மூன்றாவது வெட்டில் அந்த மலை போன்ற மிருகம் முழங்கால் மடித்து விழ, எங்கிருந்தோ முரசு முழங்கியது.

"முரசு எப்ப வந்தது?"

"இண்டைக்குக் காலமைதான் போட்டனான்."

"விளக்குகள் எங்க?"

வன்னிச்சியின் உயிர் திரையின் மேல்மூலையில் ஐந்து விளக்குகளாக எரியும். அடிபட அடிபட ஒவ்வொன்றாக அணையும். பக்கத்திலே ஒரு சின்ன வேப்பங்கொப்பு, காற்று வீசுகிற பக்கம் சாய்ந்து கொடுக்கும். நிருஷனின் புதிய முன்னோட்டத்தில் விளக்கும் இல்லை, கொப்பும் இல்லை.

"அதுகள் வடிவை மறைக்குதாம். சேர் எடுக்கச் சொன்னவர்."

சேர் என்றால் யோகலிங்கம். வவுனியாக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த அந்தக் கணினி நிலையத்தின் முகாமையாளர். பேர் சொன்னதும் அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை, எப்பிடி? சும்மா அதிருது என்ன?"

"இது எங்கட விளையாட்டில்லை, சேர்."

"பின்னே ஆற்றை?"

"எங்கட விளையாட்டில வன்னிச்சிக்கு ஒரு வீச்சுக்கு மூச்சு அரைவாசி போயிடும். மூண்டு வெட்டு வெட்டினா அவா விழுந்திடுவா, யானை நிண்டுகொண்டிருக்கும். காத்தைப் பாத்து, சூள் பந்தம் கொளுத்தி, துணைக்கு ஆள் கூப்பிட்டு, பின்வாங்கிப் பின்வாங்கித்தான் அதைத் திருப்பலாம். அதுதான் எங்கட சண்டை. அதைத்தானே காட்டவேணும்?"

யோகலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாவம், கெட்ட மனுசர் இல்லை. தன் நிலையத்துக்குப் பேர் வரவேண்டும் என்று நிற்கிறவர்.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. முன்னோட்டம் எண்டிறது அந்த மணியோசை, பிள்ளை. ஆக்களை இழுக்கவேணும்."

"எங்கட பக்கத்து யானைக்கு மணி கட்டியிருக்கிறேல்லை, சேர்."

நிருஷன் சிரிப்பை அடக்கக் குனிந்து செருப்பைப் பார்த்தான். யோகலிங்கம் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார். "நாளைக்கு இதுதான் ஓடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்குக் கண்காட்சி. கொழும்புத் தலைமையகத்திலிருந்து பரீட்சகர் வருகிறார். ஒவ்வொரு மாணவர் படைப்புக்கும் ஐந்து நிமிட முன்னோட்டம். முதலாவதாக வருகிறவருக்கு இதே நிலையத்தில் போதனாசிரியர் வேலை. விளையாட்டை இருவர் செய்திருந்தாலும் போட்டிக்குப் பிரஷாந்தினியின் பேரைத்தான் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுக்கச் சொன்னவன் நிருஷன்.

அதற்குக் காரணம் இருந்தது. பிரஷாந்தினிக்குச் சுவிசிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அவளுடைய அப்பா தவராசா அதிகம் கதைக்காதவர். கதைத்தால் மாறாதவர். "வேலை கிடைச்சா உந்தக் கலியாணக் கதையை ரெண்டு வருசம் தள்ளிப் போடுவம். கிடைக்காட்டி நான் அவைக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்," என்று சொல்லியிருந்தார். நிருஷன் என்று ஒருவன் இருப்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மல்லாவியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் ஒரு தறப்பாள் மறைப்புக்குள் தாயோடு இருக்கிற பெடியனை எந்த வாயால் வீட்டில் சொல்வது?

"உமக்கு என்னில கோவம்," என்றான் நிருஷன், சேர் போன பிறகு.

"ஓம்."

"நான் முரசுக்கு ஆசைப்பட்டுச் செய்யேல்லை, பிரஷா. உமக்கு வேலை கிடைக்காட்டி நீர் பிளேன் ஏறிடுவீர். அந்தப் பயத்திலதான் செய்தனான்."

அவளுக்குக் கோபம் பாதி கரைந்துவிட்டது. மற்றப் பாதி கரையவில்லை.

"நாளைக்கு ஒருத்தன் உதைப் பாத்திட்டு, ஆசையா வந்து குந்தி விளையாடுறான் எண்டு வையும். மூண்டு தரம் வெட்டுவான், மூண்டாவதில செத்துப்போவான். எங்களை என்னெண்டு நினைப்பான்?"

"பொய்யர் எண்டு."

"சுவிஸ்காரர் அனுப்பின படத்தில மாப்பிள்ளை ஒரு சிவப்புக் காரில சாஞ்சுகொண்டு நிக்கிறார். அம்மா படத்தை ஊரெல்லாம் காட்டியிட்டா. கார் ஆற்றை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் அப்பிடிப் படம் காட்டியோ தப்பவேணும்?"

அவள் தங்கள் உண்மையான விளையாட்டை ஒரு சீடியில் பதிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கெல்லாம் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மாணவர்களின் தாய் தகப்பன்மார், மாமன்மார், சந்தைக்கு வந்த கையோடு மரக்கறிப் பையும் தூக்கிக்கொண்டு ஏறி வந்தவர்கள் என்று ஒரே சனம். யோகலிங்கம் நடைபாதையில் ஒரு பெரிய ரீவியை வைத்து அந்த மூன்று வெட்டையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார். பிரஷாந்தினியிடம் கேட்கவே இல்லை.

அவள் படியேறி வந்தபோது ரீவிக்கு முன்னால் நாலைந்து வயதுபோனவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவிலே நின்றவர் அவளுடைய அப்பா.

"எங்கட முத்தையன்கட்டு வயலுக்கு இவாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்," என்றார் தவராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பதினெட்டு வருசம் யானை கலைக்கத் தகரம் தட்டினனான். ஒரு வாள் வாங்கியிருந்தா அலுவல் முடிஞ்சிருக்கும்."

"யானை ஏன் அண்ணை வெட்டும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்குது?" என்றார் பக்கத்தில் நின்ற தங்கராசா.

"அது கலியாண யானை போல. படமெடுக்க நிக்குது."

மறுபடி சிரிப்பு. அப்பா சிரிப்பது அவளுக்குப் பிடிக்கும். ஒட்டுசுட்டானை விட்டு வந்து மூன்று வருடத்தில், அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற மனிதர் இப்படிச் சிரித்ததை அவள் கண்டதில்லை. அந்தச் சிரிப்பு மகளுடைய விளையாட்டைப் பார்த்துத்தான் என்று அவருக்குத் தெரியாது. அம்மா ஜெகதீஸ்வரிதான் அவரது கையைச் சுரண்டினாள். "இஞ்சருங்கோ, அது எங்கட பிள்ளையின்ரயாம்."

தவராசாவின் முகம் சட்டென்று விழுந்தது. மகளைக் கண்டதும் தொண்டையைச் செருமினார். "வடிவாத்தான் கிடக்கு, பிள்ளை," என்றார்.

சிரிப்பை அவள் தாங்கியிருப்பாள். அந்த 'வடிவாத்தான் கிடக்கு' அவளைச் சுட்டது. நேராக உள்ளே போனாள்.

பரீட்சகர் நேசமலர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பழக்கம் உள்ளவர். மேசையில் புள்ளித்தாளும் ஒரு சின்ன மணிக்கூடும் இருந்தன. பின்னால் நாற்பது ஐம்பது பேர் சுவரோடு சுவராக நின்றார்கள். யோகலிங்கம் தொடங்கு என்று கண்ணைக் காட்டினார். பிரஷாந்தினி கைப்பையைத் திறந்து தன்னுடைய சீடியை எடுத்துப் போட்டாள்.

"பிள்ளை," என்றார் யோகலிங்கம் மெதுவாக.

"ஓம் சேர். தெரியும்."

குளக்கட்டு தெரிந்தது. ஐந்து விளக்குகளும் வேப்பங்கொப்பும் மேல்மூலையில் நின்றன. முரசு இல்லை. தவளைச் சத்தம் மட்டும். பிரஷாந்தினி விசைப்பலகையில் கை வைத்து, விளையாட்டைத் தெரியாத ஒருவர் எப்படி விளையாடுவாரோ அப்படியே வன்னிச்சியை நேரே நடத்தினாள். வாளை வீசினாள். முக்கொம்பனின் தோலில் ஒரு கீறல். மறுபடி வீசினாள். வன்னிச்சிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது வீச்சுக்குக் கை எழும்பவில்லை. தும்பிக்கை ஒரு தரம் திரும்பியது. ஐந்து விளக்குகளும் அணைந்தன.

பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சின்னத் தொழில்நுட்பப் பிழை, மேடம்," என்று யோகலிங்கம் பாய்ந்தார்.

"பிழை இல்லை, சேர்," என்றாள் பிரஷாந்தினி. "செத்துப்போனன். விளையாட வாற எல்லாரும் முதல்தரம் சாவினம். அதைத்தான் முதல்ல காட்டவேணும்."

நேசமலர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சரி. மேலே செய்யுங்க."

அவள் மறுபடி தொடங்கினாள். இம்முறை வன்னிச்சி கட்டின் கீழே நின்றாள். திரையில் நான்கு வழிகள் எழுந்தன: வாள், சூள், துணை, பின்வாங்கு. பிரஷாந்தினி அவசரப்படவில்லை. பார்க்கிறவர்கள் நான்கையும் வாசித்து, தாங்களும் ஒன்றைத் தெரிவுசெய்யும் மட்டும் கையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "காத்து உன்ர பக்கமிருந்து போகுது, பிள்ளை. அது மணந்திடும்." அப்பா.

"கொப்பைப் பாத்தனான், அப்பா."

வன்னிச்சி குளத்தைச் சுற்றி மறுகரைக்கு நடந்தாள். கொப்பு இப்போது அவள் பக்கம் சாய்ந்தது. முக்கொம்பன் மோப்பம் பிடித்துக் குழம்பி நின்றது. சூள் கொளுத்தினாள். மிருகம் இரண்டு அடி பின்வைத்தது. பின்னால் நின்றவர்கள் வரிசையை மறந்து மேசையை நெருங்கினார்கள்.

"வெட்டாத, வெட்டாத. பயந்திட்டுது, விடு."

"துணையைக் கூப்பிடு, தங்கச்சி. தனிய நிண்டால் சுத்தி வரும்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ, அவளுக்குத் தெரியும்." இது ஜெகதீஸ்வரி. யானைக்குப் பயந்து ஒருநாளும் வீட்டு வளவைத் தாண்டாத ஜெகதீஸ்வரி.

நான்கு நிமிடம் போய்விட்டது. வன்னிச்சிக்கு இரண்டு விளக்குகள் மிச்சம். மிருகம் பாதித் தூரம் பின்வாங்கி, கட்டின் முனையில் திரும்பி நின்றது. யோகலிங்கம் அவளுடைய காதருகே குனிந்தார். "முடிவு காட்டாட்டிப் புள்ளி வெட்டுவினம். அந்த எஃப் ஒன்பதை அமத்தும்."

அந்த விசையை நிருஷன்தான் சோதனைக்காக வைத்திருந்தான். அமர்த்தினால் வன்னிச்சியின் பலம் ஆயிரமாகும். ஒரு வெட்டில் எல்லாம் முடியும். விசைப்பலகையில் விரல் தூரத்தில் இருந்தது அது. பிரஷாந்தினி அதைப் பார்த்தாள். பிறகு பின்வாங்கும் விசையை அமர்த்தினாள். சூளை உயர்த்திப் பிடித்தபடி வன்னிச்சி ஒவ்வொரு அடியாகக் கட்டின் மேலே ஏறினாள்.

மணிக்கூடு அடித்தது. முக்கொம்பன் விழவில்லை. காதை விசிறிக்கொண்டு அப்படியே நின்றது.

"முடிவு?" என்றார் நேசமலர்.

"அது விளையாடுறவைக்கு, மேடம். இருபத்தைஞ்சு நிமிசம் பிடிக்கும். அஞ்சு நிமிசத்தில விழுத்திக் காட்டினா அது பொய்."

"வெளியே ரீவியில மூணு வெட்டுல விழுந்துச்சே?"

யோகலிங்கம் வாயைத் திறக்க முன் நிருஷன் முன்னால் வந்தான். "அது விளையாட்டில இல்லை, மேடம். நான் தனியாச் செய்த படம். பிரஷாந்தினி வேண்டாம் எண்டு சொன்னவா. பிழை என்னில."

நேசமலர் எழுதினார். மத்தியானம் பெறுபேறு சொன்னார்கள். நூலகத்தில் புத்தகம் தேடுவதற்கு நிரல் எழுதிய யோகநாதனுக்கு முதலிடம், வேலையும் அவனுக்கே. பிரஷாந்தினி இரண்டாவது. "நல்ல வேலை இது," என்றார் நேசமலர் அவளிடம். "ஆனா முடிவைக் காட்டுறதுக்குப் பத்துப் புள்ளி இருக்கு. அது இல்லாம என்னால தர முடியாது."

"தெரிஞ்சுதான் விட்டனான், மேடம்."

யோகலிங்கம் நடைபாதை ரீவியை மட்டும் போய் நிற்பாட்டினார்.

பிரஷாந்தினி தாய் தகப்பனைத் தேடினாள். அம்மா சுவரோரமிருந்த மர வாங்கிலில் அழுத முகத்தோடு இருந்தாள். அப்பா கணினிக்கு முன்னால் இருந்தார். இரண்டு சுட்டுவிரல்களால் விசைகளைக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு விளக்கு மிச்சம். அதுவும் அணைந்தது. "சனியன்," என்று மறுபடி தொடங்கினார்.

"அப்பா, வேலை கிடைக்கேல்லை."

"கேட்டனான்."

"சுவிசுக்கு ஓம் எண்டு சொல்லாதேங்கோ. நான் போகமாட்டன்."

விசைச் சத்தம் நின்றது. அவள் திரும்பி, கதவடியில் நின்ற நிருஷனை வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் வந்தான். சேர்ட்டின் கழுத்துப் பட்டி நைந்திருந்தது. அவன் அதை மறைக்கக் கையை உயர்த்த, அவள் மெல்ல அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். தாயின் கண்முன்னாலேயே.

"இவர் நிருஷன். மல்லாவி. தகப்பன் இல்லை. தாயோட முகாமில இருக்கிறார். வேலை இல்லை. அந்தப் பொய்ப் படம் செய்தவரும் இவர்தான், பிழை எண்டு எழும்பிச் சொன்னவரும் இவர்தான். நான் இவரைத்தான் கட்டுவன். ரெண்டு வருசமோ அஞ்சு வருசமோ, நான் நிப்பன்."

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தவராசா கதிரையோடு திரும்பி அந்தப் பெடியனைக் கால்முதல் தலைவரை பார்த்தார். அவசரமில்லாத பார்வை. வயற்கரையில் இருந்து காட்டைப் பார்க்கிற பார்வை.

"தம்பி, யானைக்குத் தகரம் தட்டியிருக்கிறீரோ?"

"இல்லை. ஒருக்கா யானையைக் கண்டு ஓடியிருக்கிறன்."

"எவ்வளவு தூரம்?"

"மல்லாவிச் சந்தை மட்டும்."

தவராசாவின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று பிரஷாந்தினிக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டார்.

"ஜெகதீஸ், சுவிஸ்காரருக்கு நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு நிருஷனிடம், "இரும். உந்தத் துணையைக் கூப்பிட எந்தக் கட்டையை அமத்தவேணும்? எனக்கு ஒவ்வொருதரமும் தனியத்தான் நிக்கவேண்டிக் கிடக்கு."