காத்திருந்த குற்றம்

மன்னாரில் தான் வேலைபார்க்கும் கந்தோரில் இருந்தபடியே றெபேக்கா தூரதேசத்துப் பெருங்கணினி ஒன்றைக் கவனித்துவந்தாள். கணினியின் சொந்த வேலைகளுக்கே அங்கே முதலிடம். அவற்றுக்குக் கால எல்லையும் இல்லை. ஆட்கள் கொடுக்கும் வேலைகளோ பத்து நிமிடம் சும்மா காத்திருந்தாலே வெட்டுப்படும். இப்போதும் ஒன்று வெட்டுப்பட, "ஐயோ, வெட்டிப்போட்டுது" என்றாள்.

"என்னா தப்பு பண்ணுச்சு, தங்கச்சி?" என்று கேட்டாள் துப்புரவு வேலை செய்யும் அழகம்மா.

"ஒண்டுமில்லை அக்கா. பேசாமல் காத்துக்கொண்டு இருந்தது."

"என்னைய மாதிரித்தான்" என்று சிரித்தவளின் கண் கலங்கியது.

பெரியமடுவில் அவளுடைய மகளுக்குப் பிரசவ வலி. லீவு கேட்டுக் காலையிலிருந்து மேலாளர் றொசாந்தனின் கதவடியில் நிற்கிறாள். "பொறுங்கோ" என்றவர் மறந்தே போனார். அங்கே போகும் கடைசி பஸ் மூன்று மணிக்கு. இன்னும் பத்து நிமிடந்தான் இருந்தது.

தேத்தண்ணிக்காக அவளை மூன்று தடவை கடந்துபோனதை நினைக்க றெபேக்காவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. மேலாளரின் கதவைத் திறந்தாள்.

"சேர், அழகம்மாக்கா வீட்ட போறா. அவவின்ர மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. நான் பஸ்ஸில ஏத்திவிட்டிட்டு வாறன். அதுவரைக்கும் என்ர திரையைப் பாருங்கோ."

பதிலுக்கு நிற்காமல் அழகம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். 'மாதாவே, அந்த பஸ்ஸை இண்டைக்கு மட்டும் பிந்தவையுங்கோ' என்று வழியெல்லாம் மன்றாடினாள்.