முதலில் என்னிடம் சொல்

வெர்லின் கெட்ஸ் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு காலித் துப்பாக்கி உறை இருந்தது. அக்டோபரின் மூன்றாவது சனிக்கிழமை. தெற்கு டகோட்டாவில் அன்றுதான் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டை தொடங்கும். நண்பகலுக்கு முன் யாரும் சுடக் கூடாது என்பதால் எங்கள் ஊரில் அன்று காலை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். என் மனைவி டார்லீன் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். வெர்லின் பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, உறையை மேசைமேல் வைத்தார். அதன் ஜிப் ஏற்கெனவே திறந்திருந்தது.

“என் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன் லோவல். இப்போ என்னால முடியும்,” என்றார்.

நான்கு வருஷம் முன்பு, ஜனவரிக் குளிரில், அவர் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் உடைந்துபோனது. வீட்டில் மூன்று சின்னக் குழந்தைகள். அந்த வாரம் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை என்னிடம் விற்றார். ராணுவத்திலிருந்து திரும்பிய வருஷம் வாங்கியது. இருபது இலையுதிர் காலங்கள் அவர் அதோடு நடந்திருந்தார். தோளில் பதியும் அடிக்கட்டையில் ஒரு நாய்க்குட்டி கடித்த தடம், பிறை மாதிரி. விற்கும்போது அவர் விலை பேசவே இல்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “எப்பவாவது கைமாத்துறதா இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லு.” சொல்கிறேன் என்று கை கொடுத்தேன்.

அவர் உறையோடு வந்த அதே வருஷக் கோடையில்தான், வேட்டைக்கு இரண்டு மாதம் முன்பு, பக்கத்து ஊர்த் துப்பாக்கிச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, பளபளப்பான புதுத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை வாங்கிவந்திருந்தேன். வெர்லினுக்கு வாக்கு கொடுத்தது மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. சந்தைக் கூடத்தின் சுவரில் ஒரு தொலைபேசிகூட இருந்தது. அவர் எங்கே திரும்ப வாங்கப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேசையருகே நின்று இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். டார்லீன் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமலே நின்றாள். வெர்லின் உறையின் ஜிப்பை மெதுவாக மூடினார்.

“சரி. மணி பதினொண்ணாச்சு. கிளம்பலாமா?” என்றார்.

அன்று அவர் தன் மைத்துனனிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியோடு என் பக்கத்தில் நடந்தார். என் தானியங்கி இரண்டு முறை சிக்கிக்கொண்டது. இரண்டு முறையும் அவரே அதை வாங்கி, சிக்கிய தோட்டாவை எடுத்துத் தந்தார். முகத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. அடுத்த வருஷமும் வந்தார், அதற்கடுத்த வருஷமும் வந்தார். ஊரில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. அவர் மனைவி ஜோனுக்கே தெரியாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், தனக்குத்தான் இப்போது பழைய ஆசை இல்லை என்றும் அவளிடம் சொல்லியிருந்தார்.

தானியக் கிடங்குக்கு எதிரே உள்ள காப்பிக்கடையில் உட்கார்ந்தால், விற்றிருக்கக் கூடாத துப்பாக்கி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். இன்றைக்கு அது என்ன விலை போகும் தெரியுமா என்று அங்கலாய்ப்பார்கள். அந்தப் பேச்சு எழுந்தால் நான் எழுந்து போய்விடுவேன். வெர்லின் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கதைக்குச் சிரிப்பார். தன் கதையை ஒருநாளும் சொன்னதில்லை.

பதினோரு வருஷம் தேடினேன். ஒவ்வொரு சந்தையிலும் அந்தப் பிறைத் தடத்தைச் சொல்லி விசாரித்தேன். கடைசியில் ஒரு கடைக்காரர், கிழக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் தபால் வண்டி ஓட்டும் கோலெட் பிராண்ட்வோல்டிடம் அப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். போனேன். ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண், ஐம்பது வயது இருக்கும். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினாள். பிறைத் தடம் இருந்தது. ஆனால் அடிக்கட்டை ஒன்றரை அங்குலம் வெட்டப்பட்டு, முனையில் ரப்பர் வைத்திருந்தது.

அதன் பெறுமதிக்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். அவள் மறுத்துத் தலையசைத்தாள்.

“இது விக்கிறதுக்கில்லைங்க. என் தோளுக்குச் சரியா உட்கார்ந்தது இது ஒண்ணுதான். சரி, உங்களுக்கு எதுக்கு இது?”

சொன்னேன். என்னைக் குறைத்துக் காட்டும் இடங்களையும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “அவரை இங்க கூட்டிட்டு வாங்க. ஒரு நாள் சேர்ந்து நடப்போம்,” என்றாள்.

திரும்பும் வழியில் நேராக வெர்லின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஷெட்டில் புல் வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷத்தில் அந்தத் துப்பாக்கி பற்றி நாங்கள் பேசுவது அதுதான் முதல் தடவை. கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் தரமாட்டேன் என்கிறாள், கட்டையை வெட்டியும்விட்டாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

“எவ்வளவு வெட்டியிருக்கா?”

“ஒன்றரை அங்குலம்.”

அவர் கையில் இருந்த திருகாணியைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நல்லா சுடுவாளா?” என்று கேட்டார்.

நவம்பரில் மூவரும் அறுவடை முடிந்த சோளக்காட்டில் நடந்தோம். கோலெட்டின் நாய் முன்னால் போயிற்று. ஓடைக்கரையில் இரண்டு ஃபெசன்ட் சேவல்கள் ஒன்றாக எழுந்தன, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். எனக்குத் துப்பாக்கியைத் தூக்கவே நேரமில்லை. அவள் இரண்டையும் வீழ்த்தினாள். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அவள் அவசரப்படவே இல்லை. வெர்லின் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். வேட்டையில் யாருக்கும் அவர் அப்படி மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

குழல்களைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு அவள் துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள். அவர் தோளில் வைத்துப் பார்த்தார். கட்டை குட்டை. கட்டைவிரல் மூக்கில் போய் இடித்தது. சிரித்துவிட்டார். பிறகு நாய் கடித்த தடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கோலெட் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எப்பவாவது கொடுக்கிறதா இருந்தா முதல்ல உங்ககிட்ட சொல்றேன்,” என்றாள்.

“எனக்கு வயசாச்சும்மா,” என்று வெர்லின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். “லோவல்கிட்ட சொல்லு. என் பிள்ளைங்கள்ல யாருக்குச் சொல்லணும்னு அவனுக்குத் தெரியும்.”

சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வரும்போல என்று சொல்வது மாதிரி. பிறகு அவர்கள் இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். ரப்பர் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கலாம் என்று அவர் சொல்ல, இல்லவே இல்லை என்று அவள் மறுத்துக்கொண்டிருந்தாள். கோரைப்புல் அடர்ந்த இடத்தில் நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, பறவை பதுங்கிய இடத்தைக் காட்டி அசையாமல் நின்றது. வெர்லின் பின்னால் திரும்பாமலே கையை உயர்த்தி, என்னை முன்னால் வரச் சொன்னார். உறைந்த மண் காலடியில் நொறுங்க, நான் அவர் பக்கமாக நடந்தேன்.