வேலி தாண்டிய கிணறு

1985ஆம் ஆண்டு பங்குனி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே கடலோரம் இருந்த அந்தோனியார் கோயிலின் கிணறு, வேலிக்கு அந்தப் பக்கம் ஆழ்வாப்பிள்ளையின் வளவுக்குள் போய்விட்டது. கட்டும் தண்ணீர் இறைக்கும் துலாவும் கூடவே போயின. பழைய இடத்தில் மணலும், அதன்மேல் ஆமைப்பூட்டுப் போட்ட மரமூடியும் மட்டும் கிடந்தன.

அந்தத் தண்ணீரில் முகம் கழுவினால் கண்நோய் மாறும். இணுவிலிலிருந்துகூடச் சைவக்காரர் பஸ் பிடித்து வந்து, திருநீற்றுப் பூச்சோடு அள்ளிக் கழுவி, சுகமானதும் கிணற்றுக்குள் நேர்த்திக்கடனாக ஓர் ஊசி போட்டுவிட்டுப் போவார்கள். கோயிலைப் பார்த்துக்கொண்ட சூசைதாசனுக்கு அது பொறுக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் தண்ணீர் என்று சொல்லி, கிணறு போனதற்கு முதல் நாள்தான் மூடி செய்வித்துப் பூட்டியிருந்தார்.

பங்குச் சுவாமி வந்து கயிறு விட்டு அளந்தார். ஆழம் முன்பிருந்த அதே நான்கு பாகம், இருபத்துநான்கு அடி. மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஆழ்வாப்பிள்ளை எவரையும் மறிக்கவில்லை. ஊரே அவர் வேலிப் படலையைத் திறந்து போய் அள்ளியது. சூசைதாசன் மட்டும் போகவில்லை, மனைவி கத்தரீனாவையும் விடவில்லை. எல்லை வேலியைக் கோயில் பக்கமாக ஒரு முழம் தள்ளி அடைத்த கோபத்தில் அவர் ஆழ்வாப்பிள்ளையோடு கதைத்துப் பதினொரு வருடம்.

அந்த மாரியில் கத்தரீனாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. மார்கழியில் மீன்முள் தெரியவில்லை. தையில் புருசனின் முகமும் தெரியவில்லை. சூசைதாசன் மூன்று நாள் வேலியோரம் நடந்தார். நான்காம் நாள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படலையைத் திறந்தார்.

"அண்ணை, கொஞ்சத் தண்ணி அள்ளலாமோ?"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளை நிமிரவில்லை. "கிணறு உங்கடை. நிலந்தான் என்ரை. அள்ளுங்கோ." பிறகு எழுந்து வந்து, துலாவைத் தானே இழுத்து ஊற்றினார்.

மூன்று தரம் கழுவிய கத்தரீனா புருசனை நெடுநேரம் பார்த்தாள்.

"என்னப்பா, உப்பிடி மெலிஞ்சு போனியள்."

சூசைதாசன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆழ்வாப்பிள்ளையின் மனைவி இராசமலர் எல்லோருக்கும் ஒடியல் கூழ் வார்த்தாள்.

அடுத்த நாள் ஆண்கள் இருவரும் சேர்ந்து வேலியில் ஓர் ஆள் புகுமளவு பொட்டு வெட்டினார்கள். அந்த ஞாயிறு கிணறு கோயில் வளவுக்கு வந்தது. செவ்வாய் திரும்பிப் போனது. அதன்பின் ஞாயிறும் திங்களும் இங்கே, மற்ற நாட்களில் அங்கே. ஷெல் விழுந்த நாட்களில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

1989இல் காணி அளக்க வந்த பரமலிங்கம் என்ற நில அளவையாளர், கிணறு யாருடைய பக்கம் என்று கேட்டார். கத்தரீனா அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"இண்டைக்கு வியாழன். இராசமலரக்காவின்ரை பக்கம்."

அவர் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.