பத்து வியாழக்கிழமை

பெமிலாவுக்குப் பொய் சொல்ல வராது என்று இரணியலில் அவளைத் தெரிந்த எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். ஞாயிறு பள்ளி டீச்சர் வேறு. அப்படிப்பட்டவள்தான் ஒரு ரெக்கார்டு நோட்டில் ஓரம் விட்டு, கோடு போட்டு, தேதி போட்டு, எட்டுப் பொய்களை மணிமணியான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

படிப்பு எம்.எஸ்.டபிள்யூ., தபால் வழியில். கணவன் ஷாஜன் மஸ்கட்டில். முப்பத்தாறு வயதில் நர்சரிப் பள்ளி வேலை, இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாகர்கோவிலுக்கு ஓடும் வகுப்பு என்று இரண்டு வருஷம் இழுத்துப் பறித்துப் படித்தாள். தக்கலைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை தயாராக இருந்தது. மார்க் லிஸ்டைக் கொண்டு வந்தால் வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் நின்றது கேஸ் ஒர்க் ஒன்றுதான். கஷ்டத்தில் இருக்கும் ஒருவரைப் பத்து வாரம் வீட்டில் போய்ப் பார்த்து, பேசி, தேற்றி, நடந்ததை எழுதி, ஒவ்வொரு தடவையும் அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்குத் திரேசம்மாளின் நினைவு வந்தது. அதற்கு முன்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரேசம்மாள் குளச்சலுக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரைக்காரி. சுனாமிக்கு முன்பு தினமும் அலுமினியச் சருவத்தில் மீனோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பெமிலாவின் தெருவில் விற்பாள். பெமிலாவின் மூத்த பெண்ணுக்கென்று முள் குறைந்த மீனாகப் பார்த்து இரண்டு கூடப் போடுவாள். அலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கடலுக்குப் போகாத நாள். பூசை முடிந்து கரையில் கூட்டாளிகளோடு நின்ற அவள் மகன் ஆன்ட்ரூஸ் திரும்பி வரவில்லை. பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு திரேசம்மாள் சருவத்தைத் தொடவில்லை. தெருவுக்கு வேறொருத்தி மீன் கொண்டு வந்தாள். பெமிலா அவளிடம் வாங்கிக்கொண்டாள். ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம். மூன்றரை வருஷம் போகவில்லை. நோட்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் போனாள்.

சுனாமி குடியிருப்பில் அவளைக் கண்டதும் திரேசம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. “மக்கா, நீயா? இரணியல்ல இருந்தா வாறே?” என்று கடைக்கு ஓடிப் போய்க் கலர் சோடா வாங்கி வந்தாள். பெமிலா அச்சடித்த தாளை எடுத்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். அடுத்த வியாழக்கிழமை மிச்சக் கேள்விகள். பஸ் நேரம் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினாள்.

“எத்தன எடத்துல ஒப்பு போடணும் மக்கா?” என்றாள் திரேசம்மாள்.

அந்தக் குடியிருப்பில் அது வழக்கமான கேள்வி. வலை தர, தையல் மெஷின் தர, ஆறுதல் சொல்ல என்று நோட்டும் பேனாவுமாக அங்கே வந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. வருகிறவர்களுக்கு வேண்டியது ஒப்பு என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. எதற்கு என்று கேட்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

“ரெண்டு போதும்மா. இனி எட்டு தடவ வரணும்.”

“மத்தவங்க மொத்தமா வாங்கிட்டுப் போவாங்க. நீயும் வாங்கிக்கோ. பிள்ளையள விட்டுட்டு ஒனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?”

வேண்டாம் என்று சொல்லத்தான் பெமிலா நினைத்தாள். ஆனால் நோட்டைத் திருப்பி வாங்கவில்லை. திரேசம்மாள் பத்து இடத்திலும் நிதானமாக எழுத்துக் கூட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

மிச்ச எட்டு வாரமும் பெமிலாவின் சாப்பாட்டு மேசையில் நடந்தன. நோட்டில் நாலாவது வாரம் திரேசம்மாள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். ஏழாவது வாரம் பரணிலிருந்து சருவத்தை இறக்கிக் கழுவினாள். பத்தாவது வாரம் மீன் விற்கப் போனாள். எழுதி முடித்தபோது பெமிலாவுக்கே கண் கலங்கிவிட்டது, அந்தக் கூத்தை என்ன சொல்ல!

நன்றாக எழுதியதுதான் வினையாகப் போயிற்று. நாகர்கோவிலில் நேர்முகத் தேர்வுக்கு வந்த பேராசிரியர் ஞானசிங், நோட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த அம்மாவை நான் பாக்கணும். புதன்கிழமை போவோமா?” என்றார்.

செவ்வாய்க்கிழமையே பெமிலா குடியிருப்புக்கு ஓடினாள். திரேசம்மாளின் முன் உட்கார்ந்து, அவளைப் பற்றி எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டினாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி திரேசம்மாள் உதடசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

“நாலாவது வாரம் நான் எதுக்கு அழுதேன் மக்கா?”

“ஆன்ட்ரூசுக்க சட்டய எடுத்துப் பாத்துட்டு...”

“அவனுக்க சட்ட ஒண்ணும் கிட்டலியே. வீடே போச்சுல்லா.” பெமிலாவின் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். “செரி, சொல்லிக்கிடலாம்.”

பெமிலாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் ஐந்தாவது வாரத்தை வாசித்தாள். ஆறாவதையும் வாசித்தாள்.

புதன்கிழமை ஞானசிங்கோடு காரில் வந்து இறங்கியபோது, வாசலில் ஒரு சருவம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுத்த வீட்டுச் சருவம். அதைச் செய்யச் சொல்லிப் பெமிலா கேட்கவில்லை.

“இவங்க வந்ததுல உங்களுக்கு என்னம்மா பிரயோசனம்?” என்று ஞானசிங் கேட்டார்.

“மத்தவங்க வந்தா, எத்தன மணிக்குத் தண்ணி வந்துது, பிள்ளய எப்பம் எடுத்தாங்கன்னு கேப்பாங்க சாறே. இந்தப் பிள்ள அப்பிடி ஒண்ணும் கேக்காது. எங்கூட சும்மா இருக்கும். ஆன்ட்ரூசுக்கு என்ன கறி இஷ்டம்னு கேட்டுது. அவன் எப்பிடி சிரிப்பான்னு கேட்டுது. இத்தன வருசத்துல ஒரு ஆளு அத கேட்டதில்ல சாறே.”

இது எதுவும் நோட்டில் இல்லை. பெமிலா சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அவளுடைய அச்சடித்த தாளில் மூன்றாவது கேள்வி, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான். முதல் வியாழக்கிழமை, கலரைக் குடித்துக்கொண்டே அதைக் கேட்டிருந்தாள். சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்க்கவும் கூசியது. தலையைத் தாழ்த்திக்கொண்டாள், அடக்கமான பெண் என்று ஞானசிங் நினைத்திருப்பார்.

காரில் ஏறும்போது அவர் சொன்னார்: “தொண்ணூத்திரண்டு போடுறேன். நான் வாசிச்சதுலயே நல்ல கேஸ் ஒர்க் இதுதான்.”

“சார்...” என்றாள் பெமிலா.

அவர் கார்க் கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தார். சொல்ல வேண்டியது தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. அதோடு விடுதியும் மார்க் லிஸ்டும் வந்தன.

“ரொம்ப நன்றி சார்” என்றாள்.

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று காரை அனுப்பிவிட்டு, நோட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். திரேசம்மாள் சருவத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“நல்ல மார்க்கு கிட்டுமா மக்கா?”

“கிட்டும்மா.”

“நாலாவது வாரம் அழுதத சொல்ல மறந்துட்டேன். அதுக்குக் கொறச்சிருவாரா?”

பெமிலா இல்லை என்று தலையாட்டினாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

திரேசம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “வியாழக்கிழமைன்னுதானே எழுதியிருக்கே? நாளைக்கு வியாழன்லா. வருவியா? ஒண்ணும் எழுதாண்டாம். சும்மா கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவலாம். அவனுக்குக் கணவாக் கறின்னா உயிரு. வச்சு வைக்கேன்.”

நாளை காலை தக்கலை விடுதிக்கு வருவதாகப் பெமிலா சொல்லியிருந்தாள். வருகிறேன் என்றோ, முடியாது என்றோ அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நோட்டோடு வருகிறவர்களின் முகத்தை மூன்றரை வருஷமாகப் பார்த்துப் பழகியவளுக்கு அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

“வேண்டாம் மக்கா. தூரம்லா.” திரேசம்மாள் சருவத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். “நோட்ட குடு. இனி எத்தன எடத்துல வேணும்? இப்பமே போட்டுத் தாறேன்.”